ரீபூட் ஆனதும் கெர்னல் மாற்றங்கள் பறந்துவிடுகின்றன: எங்கே எழுதி வைப்பது?

14 ஜூன் 2025, டவுன் வாசகரின் கேள்வி

அண்ணாச்சி, நெல்லை டவுனில் ரத வீதியை ஒட்டிச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பழைய கணினி ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, அதையே ரூட்டராக்கி மற்றக் கணினிகளுக்கு இணையம் கொடுக்கிறேன். மற்றக் கணினிகளிலிருந்து வருவதை வெளியே கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கினால் எல்லாம் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் மறுபடியும் 0. லினக்ஸ் என்றாலே இப்படித்தானா? கணினி எழும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் ஒரு வரி எழுதிப் போடு, கதை முடிந்தது என்கிறான் நண்பன்.

14 ஜூன், இரவு

கதை முடியாது தம்பி, அங்கேதான் தொடங்கும். நண்பனைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

நீங்கள் 1 என்று எழுதுகிற 'ப்ராக்/சிஸ்' என்ற இடத்தில் இருப்பவை வட்டில் கிடக்கும் கோப்புகள் அல்ல. கெர்னல், அதாவது லினக்ஸின் மையக்கரு, தன் நினைவகத்தில் வைத்திருக்கும் மதிப்புகள் அங்கே கோப்புகளைப் போலக் காட்சி தருகின்றன, அவ்வளவுதான். 'சிஸ்கன்ட்ரோல் -டபிள்யூ' என்று கட்டளை கொடுத்தாலும் மாறுவது அதே நினைவகம்தான். மின்சாரம் போனதும் அது போய்விடும். அடுத்த முறை எழும்போது கெர்னல் தன் இயல்பு மதிப்போடு எழுகிறது. ஐபி ஃபார்வர்டிங்குக்கு இயல்பு மதிப்பு 0. உங்கள் கணினி பிழை எதையும் செய்யவில்லை.

கெர்னல் எழுந்த சிறிது நேரத்தில், மற்றச் சேவைகளை எழுப்பும் நிரலான சிஸ்டம்டி 'சிஸ்டம்டி-சிஸ்கன்ட்ரோல்' என்ற சேவையை ஓட்டும். அது சில கோப்புறைகளில் '.கான்ஃப்' என்று முடியும் கோப்புகளைப் படித்து, அதில் உள்ளவற்றைக் கெர்னலில் எழுதும். நீங்கள் கையால் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஆகவே அது படிக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். 'எட்சி' கோப்புறைக்குள் 'சிஸ்கன்ட்ரோல்.டி' என்று ஒன்று இருக்கும். அதற்குள் '90-ரூட்டர்.கான்ஃப்' என்று புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி:

நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் = 1

பிறகு 'சிஸ்கன்ட்ரோல் --சிஸ்டம்' கொடுத்தால் ரீபூட் இல்லாமலேயே எல்லாக் கோப்புகளும் படிக்கப்படும். அதோடு விடாமல், மாணவர்கள் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை நீங்களே ரீபூட் செய்து பாருங்கள்.

15 ஜூன்

'சூடோ எக்கோ 1' என்று அடித்து '>' குறி போட்டு ப்ராக் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறார் இன்னொருவர். சூடோ போட்டும் அனுமதி இல்லையா என்று கோபம் வேறு. சூடோ தரும் நிர்வாகி அதிகாரம், அதாவது ரூட் அதிகாரம், எக்கோவுக்கு மட்டும்தான். '>' குறியைக் கையாள்வது கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் ஷெல்; அது சாதாரணப் பயனராகவே நிற்கிறது. 'எக்கோ 1 | சூடோ டீ' என்று டீ கட்டளை வழியாக அனுப்புங்கள். இதுவும் தற்காலிகம்தான், மறக்க வேண்டாம்.

16 ஜூன்

இப்போது நண்பனின் ஆர்சி.லோக்கல்.

அந்தக் கோப்பு டெபியன் 12-இல் இயல்பாகக் கிடையாது. நீங்களே உருவாக்கி, முதல் வரியில் ஷெல்லைக் குறிப்பிட்டு, இயக்கும் அனுமதியும் கொடுத்தால் பழைய பழக்கத்தை மதித்து சிஸ்டம்டி அதை ஓட்டும். அனுமதி கொடுக்க மறந்தீர்களா, திரையில் ஒரு வார்த்தை வராது. ஓடவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது.

என் குறை அதைப் பற்றியல்ல. பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் கணினி பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். ஆர்சி.லோக்கல் வைத்திருக்கும் கணினியைத் திறந்தாலே எனக்கு அலுப்பு வரும். பிரிண்டருக்கு ஒரு வரி, யாரோ வைத்த காப்புப் பிரதிக்கு ஒரு வரி, 'ஸ்லீப் 30' என்று ஒரு வரி. அந்த முப்பது நொடி எதற்கு என்று கேட்டால் கடையில் ஒருவருக்கும் தெரியாது. எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. எல்லாரும் தொட அஞ்சும் கோப்பாக அது ஆகிவிடும். ஒரு மாற்றத்துக்கு ஒரு கோப்பு, அதன் பெயரிலேயே காரணம், உள்ளே '#' போட்டு யார் எப்போது எதற்கு எழுதினார்கள் என்று ஒரு வரி. இப்படி இருந்தால் நாளைக்கு என் இடத்தில் வேறொருவர் வந்து பார்த்தாலும் திட்டமாட்டார்.

19 ஜூன்

'சிஸ்கன்ட்ரோல் -பி' கொடுத்தேன், என் புதுக் கோப்பை அது படிக்கவே இல்லை என்கிறார் வள்ளியூர்க்காரர். படிக்காது. கோப்பின் பெயர் சொல்லாமல் '-பி' கொடுத்தால் எட்சியில் உள்ள பழைய 'சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப்' ஒன்றை மட்டும் படிக்கும். எல்லாவற்றையும் படிக்க '--சிஸ்டம்' வேண்டும்.

கோப்புப் பெயரில் 90 எதற்கு என்றும் கேட்டிருந்தார். கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. ஒரே மதிப்பை இரண்டு கோப்புகள் சொன்னால், பின்னால் படிக்கப்படுவது நிற்கும். '10-' என்று பெயர் வைத்துவிட்டு, மென்பொருள் தொகுப்போடு வந்த '50-' கோப்பு உங்கள் மதிப்பை மாற்றிவிட்டது என்று வருந்திப் பயனில்லை. இந்த வரிசை கோப்புறை வாரியாகப் போவதல்ல. 'யூஎஸ்ஆர்/லிப்' அடியில் தொகுப்புகள் வைத்தவை, 'ரன்' அடியில் தற்காலிகமாக இருப்பவை, எட்சியில் நீங்கள் வைத்தவை எல்லாம் ஒன்றாகக் கொட்டப்பட்டுப் பெயரால் வரிசையாகின்றன. ஒரே பெயரில் இரண்டு இடங்களில் கோப்பு இருந்தால், எட்சியில் இருப்பது மட்டும் எடுக்கப்படும். மற்றது முழுவதுமாக ஒதுக்கப்படும். தொகுப்பு கொண்டுவந்த கோப்பு வேண்டாம் என்றால் அதை அழிக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும். அதே பெயரில் எட்சியில் 'டெவ்/நல்' என்ற வெற்றுக் கோப்பு நோக்கி ஓர் இணைப்பு வைத்தால் போதும்.

கடைசியில் எது நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்கன்ட்ரோல்.டி' என்று கொடுங்கள். படிக்கப்படும் வரிசையிலேயே எல்லாக் கோப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் காட்டும்.

22 ஜூன்

நான் தரும் கட்டளைகள் தமிழ் எழுத்தில் இருப்பதால் நகலெடுத்து ஒட்ட முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டிருக்கிறார். ரூட் அதிகாரத்தில் ஓடும் கட்டளையை எவனோ ஒருவன் சொன்னான் என்று நகலெடுத்து ஒட்டுவதை என்னால் முடிந்த அளவு தடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 ஜூலை

இந்த வாரம் ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேர் ரத வீதிகளில் வரும்போது வழியில் உள்ள மின்கம்பிகளுக்காக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். தேர் நிலைக்கு வந்து, மின்சாரமும் வந்தது. டவுன் தம்பியிடமிருந்து செய்தியும் வந்தது: 'அண்ணாச்சி, ஃபார்வர்டிங் 1 ஆகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணினியிலும் இணையம் இல்லை.'

ரீபூட் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். மௌனம். '--சிஸ்டம்' கொடுத்ததோடு நிறுத்திவிட்டார். தேர்தான் அவருக்கு ரீபூட் சோதனை நடத்திக் கொடுத்திருக்கிறது.

விஷயம் இதுதான். ஃபார்வர்டிங் என்பது ஒரு கதவைத் திறப்பது மட்டும். உள்ளே இருக்கும் கணினிகளின் முகவரியை மாற்றி வெளியே அனுப்புவது என்எஃப்டி விதிகள், அதாவது மாஸ்கரேட். அந்த விதிகளும் கெர்னலின் நினைவகத்தில்தான் வாழ்கின்றன. சிஸ்கன்ட்ரோல் கோப்புகளுக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. இவர் அவற்றை எப்போதோ கையால் அடித்தது, இத்தனை நாளும் ஃபார்வர்டிங்கோடு சேர்த்து மறுபடி மறுபடி அதே கையேட்டைப் பார்த்து அடித்திருக்கிறார். எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது: விதிகள் சரியாக ஓடும்போது 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்து, வருவதை எட்சியில் உள்ள 'என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப்' கோப்பில் சேமியுங்கள். கோப்பின் தலையில் 'ஃப்ளஷ் ரூல்செட்' வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் சேவையை ரீலோட் செய்யும்போது விதிகள் இரட்டிக்கும். பிறகு 'சிஸ்டம்கன்ட்ரோல் எனேபிள் என்எஃப்டேபிள்ஸ்'. பலர் இந்தக் கடைசி எனேபிளை விட்டுவிடுகிறார்கள். கோப்பு இருக்கும், அதைப் படிக்க ஆள் இருக்காது. பழைய ஐபிடேபிள்ஸ் முறையில் இருப்பவர்கள் 'ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டென்ட்' தொகுப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

11 ஜூலை

டவுன் தம்பி தன் சிஸ்கன்ட்ரோல் கோப்பை முழுதாக அனுப்பியிருந்தார். நான் ஒரு வரி சொன்னேன். அவர் எங்கெங்கோ படித்துப் பாதுகாப்பு வரிகள் நிறையச் சேர்த்திருக்கிறார். மேலே 'அக்செப்ட்_ரீடைரக்ட்ஸ்' பற்றிய வரிகள், அடியில் ஐபி ஃபார்வர்ட்.

அந்த வரிசையை மாற்றச் சொன்னேன். ஐபி ஃபார்வர்ட் மற்றவற்றைப் போல அல்ல. அது 0-விலிருந்து 1-க்கு மாறும்போது கணினி சாதாரணக் கணினி என்ற நிலையிலிருந்து ரூட்டர் என்ற நிலைக்குப் போகிறது. அதற்கேற்பக் கெர்னல் வேறு சில ஐபி மதிப்புகளையும் தானே திருப்பி வைக்கும். 'வேறு வழியாக அனுப்பு' என்று பிறர் சொல்லும் ரீடைரக்ட்களை ஏற்பதும் அதில் ஒன்று. கெர்னலின் ஆவணத்திலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் நீங்கள் எழுதியதை, பின்னால் வரும் ஐபி ஃபார்வர்ட் வரி அழித்துவிடலாம். அதனால் ஐபி ஃபார்வர்ட் முதலில். மற்றவை அதன் பின்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் '--சிஸ்டம்' கொடுத்தால் இந்தக் கோளாறு தெரியாது. ஏனென்றால் அங்கே ஏற்கெனவே 1. ஒன்றை ஒன்றாக மாற்றினால் எதுவும் நடக்காது. ரீபூட்டில் மட்டும்தான் 0-விலிருந்து 1-க்குப் போகும். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் சரி, எழுந்தால் கோளாறு. ரீபூட் செய்து பாருங்கள் என்று நான் கிளிப்பிள்ளைபோலச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்காது.

12 ஜூலை

சிறு குறிப்பு. 'எக்கோ' கொடுத்து '>>' குறியால் கோப்பில் ஒரு வரி சேர்த்தார் ஒருவர். சில நொடிகளில் கரண்ட் போனது. வந்து பார்த்தால் வரி இல்லை. கோப்பில் எழுதியது உடனே வட்டுக்குப் போவதில்லை. கெர்னல் அதை நினைவகத்தில் வைத்திருந்து பிறகுதான் இறக்கும். 'விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ்' என்பதன் இயல்பு மதிப்பு 3000, அதாவது 30 நொடி. எழுதி முடித்ததும் 'சிங்க்' என்று ஒரு கட்டளை. மின்சாரம் எப்போது போகும் என்று நமக்கு யாரும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை.

அந்த 3000-ஐக் குறைத்துவிடலாமா என்று உடனே கேட்பீர்கள். குறைக்கலாம். ஆனால் கடைகளில் ஓடும் பில்லிங் மென்பொருளுக்குப் பின்னால் முறையான தரவுத்தளம் இருந்தால், அது ஒவ்வொரு பில்லையும் தானே வட்டுக்குத் தள்ளிவிடும். அதற்கு இந்த மாற்றத்தால் லாபமில்லை. யூபிஎஸ் பேட்டரியை மாற்றுவது நல்ல செலவு.

3 ஆகஸ்ட்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே மின்சாரம் பறந்து பறந்து வருகிறது. அதனால் இந்தக் கேள்வி-பதில் இழையும் சூடாக இருக்கிறது.

பேட்டையிலிருந்து ஒருவர் எதிர்வாதம் வைக்கிறார்: 'நான் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. ஆனாலும் என் கணினியில் ரீபூட்டுக்குப் பிறகும் ஐபி ஃபார்வர்டிங் 1 ஆகவே இருக்கிறது. நீங்கள் சொல்வது எல்லா இடத்திலும் பொருந்தாது.'

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் நிறுவியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். டாக்கர் எழும்போது தன் தேவைக்காக ஐபி ஃபார்வர்டிங்கைத் தானே 1 ஆக்கும். நெட்வொர்க் மேனேஜரில் 'மற்றக் கணினிகளோடு பகிர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவே நடக்கும். நீங்கள் சேமித்ததால் நிற்கவில்லை. வேறொருவர் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்கிறார். நாளை டாக்கரை நீக்கினால் ஃபார்வர்டிங்கும் போகும், அப்போது டாக்கருக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்று தலையைச் சொறிவீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் தொல்லை. நீங்கள் எழுதியதை அழிப்பவரும் உண்டு. யூஎஃப்டபிள்யூ தீயரண் எட்சியில் தனக்கென்று ஒரு சிஸ்கன்ட்ரோல் கோப்பு வைத்திருக்கிறது. தீயரண் எழும்போது அதில் உள்ளதை எழுதும். 'லாக்_மார்ஷியன்ஸ்' போன்றவற்றை நீங்கள் உங்கள் 90 கோப்பில் 1 என்று போட்டிருந்தாலும், யூஎஃப்டபிள்யூவின் கோப்பு 0 என்று சொன்னால் 0-தான் நிற்கும். பெயர் வரிசையெல்லாம் அங்கே செல்லாது, ஏனென்றால் அது அந்தக் கூட்டத்திலேயே இல்லை. தன் கோப்பைத் தானே படிக்கிறது. மாற்ற வேண்டும் என்றால் யூஎஃப்டபிள்யூவின் கோப்பிலேயே மாற்றுங்கள்.

ஜூன் 19 குறிப்பில் 'பின்னால் படிக்கப்படுவது நிற்கும்' என்றேன். அதை இப்போது விரித்துப் படியுங்கள்: படிக்கப்படுவது மட்டுமல்ல, பின்னால் எழுதுபவர் யாராக இருந்தாலும் அவர் எழுதியதே நிற்கும்.

17 ஆகஸ்ட்

டெபியன் 13 வந்துவிட்டது. அதற்கு மாறியவர்களுக்கு: பழைய 'எட்சி/சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப்' கோப்பை எழும்போது சிஸ்டம்டி இனிப் படிக்காது. முன்பு '99-சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப்' என்ற இணைப்பு வழியாக அது படிக்கப்பட்டு வந்தது. உங்கள் வரிகளை 'சிஸ்கன்ட்ரோல்.டி' கோப்புறைக்குள் ஒரு கோப்பாக நகர்த்துங்கள்.

பொறி எங்கே இருக்கிறது என்றால், கையால் 'சிஸ்கன்ட்ரோல் -பி' கொடுத்தால் அந்தப் பழைய கோப்பு இன்றும் படிக்கப்படும். 'பார், வேலை செய்கிறதே' என்று எழுந்து போய்விடுவீர்கள். டவுன் தம்பி தப்பித்தார். அவர் முதல் நாளிலிருந்தே தனிக் கோப்பு.

24 ஆகஸ்ட்

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், விடுதி அறையில், டாக்கர் போன்ற பெட்டிகளைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் பழகுகிறார். 'பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்' என்ற வரியைக் கோப்பில் வைத்தும் ரீபூட்டுக்குப் பிறகு நிற்பதில்லை. ஆனால் எழுந்த பிறகு '--சிஸ்டம்' கொடுத்தால் நிற்கிறது. நல்ல கேள்வி, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது.

அந்த மதிப்பு கெர்னலில் பிறவியிலேயே இருப்பதல்ல. 'பிஆர்_நெட்ஃபில்டர்' என்ற மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் சேரும் துண்டு, ஏறும்போதுதான் பிறக்கிறது. எழும்போது சிஸ்டம்டி கோப்பைப் படித்து எழுதப் போகும் நேரத்தில் அந்தப் பெயரே கெர்னலில் இல்லை. இல்லாததில் எப்படி எழுதுவது? விட்டுவிட்டுப் போகிறது. பிறகு வேறு ஏதோ மாட்யூலை ஏற்றுகிறது, மதிப்பு பிறக்கிறது, எழுத வேண்டியவர் போய்விட்டார்.

தீர்வு எளிது. எட்சியில் 'மாட்யூல்ஸ்-லோட்.டி' கோப்புறைக்குள் ஒரு கோப்பு, அதில் மாட்யூலின் பெயர் மட்டும் ஒரு வரி. மாட்யூல்களை ஏற்றும் சேவை முடிந்த பிறகுதான் சிஸ்கன்ட்ரோல் சேவை ஓடும் என்று சிஸ்டம்டியில் ஏற்கெனவே வரிசை இருக்கிறது. நேரம் பொருந்திவிடும்.

ஆர்சி.லோக்கலில் 'ஸ்லீப் 30' போட்டவரின் நினைவு வந்தது. அவரும் இதே நோய்க்குத்தான் மருந்து தேடியிருப்பார். அவரைச் சற்று அதிகமாகவே வைதுவிட்டேன். ஆனாலும் மருந்து அதுவல்ல.

6 செப்டம்பர்

இது நீளும்.

பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு சிறிய அறை. அதில் காற்றாலைகளின் அளவீடுகளைச் சேகரிக்கும் கணினி ஒன்று, ஆள் இல்லாமல் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் கேட்கிறார்: கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் விழுந்தால், கணினி அப்படியே உறைந்து நிற்கிறது, போய்ப் பொத்தானை அமுக்க ஒரு நாள் வேலை கெடுகிறது. தானாக ரீபூட் ஆக வழி உண்டா?

உண்டு. 'கெர்னல்.பேனிக்' என்பதன் இயல்பு மதிப்பு பல இடங்களில் 0, அதாவது நின்ற இடத்தில் நில். அதை 10 ஆக்கினால் பத்து நொடி காத்திருந்து ரீபூட் செய்யும். முதலில் சிஸ்கன்ட்ரோல்.டி கோப்பில் எழுதச் சொல்லித் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பிறகு யோசித்தேன். சிஸ்கன்ட்ரோல் கோப்பு படிக்கப்படுவது, சிஸ்டம் முழுவதும் இருக்கும் ரூட் வட்டு கிடைத்து, சிஸ்டம்டி எழுந்த பிறகு. அந்த அறையில் வட்டு பழையது. எழும்போதே ரூட் வட்டைக் காணாமல் கெர்னல் பேனிக் ஆனால்? கோப்பு அந்தக் காணாத வட்டில் அல்லவா இருக்கிறது.

இப்படிப்பட்டவற்றைக் கெர்னலின் காதில் பிறக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் கெர்னல் கட்டளை வரி. 'எட்சி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்' என்ற வரியின் மேற்கோள்களுக்குள் 'பேனிக்=10' சேர்த்து, 'அப்டேட்-கிரப்' கொடுங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது வெறும் எழுத்து. கெர்னலை ஏற்றிவிடும் நிரலான கிரப் எழும்போது படிப்பது வேறு கோப்பை, அதை உருவாக்குவதுதான் அந்தக் கட்டளை. ஃபெடோரா வகையினர் 'கிரபி' கட்டளையால் எல்லாக் கெர்னல்களுக்கும் சேர்க்கலாம். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு 'சிஎம்டிலைன்.டெக்ஸ்ட்' கோப்பு, அதில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். அழகாக அடுத்த வரியில் எழுதினால் அது கெர்னலுக்குப் போகாது.

சேர்ந்ததா என்று பார்க்க: ரீபூட்டுக்குப் பிறகு 'கேட் ப்ராக்/சிஎம்டிலைன்'. கெர்னல் காதில் விழுந்தது என்னவோ அது அப்படியே அங்கே இருக்கும்.

கிரப் பட்டியலில் 'இ' எழுத்தை அமுக்கி வரியைத் திருத்துகிறார்களே, அது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். சோதித்துப் பார்க்க அதுதான் பாதுகாப்பான வழி. தவறான வரி எழுதிக் கணினி எழவில்லை என்றால், அணைத்துப் போட்டால் பழையபடி எழும். ஆள் இல்லாத அறைக்கு எழுதும் முன் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள்.

கெர்னல் 5.8 முதல், 'சிஸ்கன்ட்ரோல்.' என்று முன்னொட்டுப் போட்டு, பிறகு ஏறும் மாட்யூல்களோடு பிறப்பவை தவிர, எந்தச் சிஸ்கன்ட்ரோல் மதிப்பையும் இந்த வரியிலேயே தரலாம். தரலாம் என்பதற்காக எல்லாவற்றையும் அங்கே அள்ளிக் கொட்டாதீர்கள். பிறகு சிஸ்கன்ட்ரோல்.டி கோப்பு வேறு சொன்னால் அதுவே கடைசியில் நிற்கும். இரண்டு இடங்களில் இரண்டு கதை.

7 செப்டம்பர்

'பேனிக்=10 போட்டால், வட்டு உண்மையிலேயே போய்விட்டபோது பத்து நொடிக்கு ஒரு முறை ரீபூட் ஆகிக்கொண்டே இருக்காதா?' இருக்கும். பணகுடிக்காரரிடம் அதையும் சொன்னேன். உறைந்து நிற்பதைவிட அது மேல் என்றார். அவர் கணினி, அவர் பேருந்துக் கட்டணம்.

20 செப்டம்பர்

வண்ணாரப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. திருமண வீடியோக்கள் வெளி ஹார்ட் டிஸ்க்குகளில். வட்டில் படிக்க, எழுத வரும் வேலைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலரை 'பிஎஃப்க்யூ' ஆக்கினால் நகலெடுக்கும்போது கணினி திணறுவதில்லை. ஆனால் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலே பழைய நிலை. ரீபூட்கூடத் தேவையில்லை.

இது 'ப்ராக்/சிஸ்' அடியில் உள்ளதல்ல, தனியாக இருக்கும் 'சிஸ்' கோப்புறையின் அடியில் உள்ளது. சிஸ்கன்ட்ரோலுக்கு அங்கே அதிகாரம் இல்லை. 'சிஸ்' அடியில் எப்போதும் இருக்கும் ஒரு மதிப்பு என்றால் 'டெம்ப்ஃபைல்ஸ்.டி' கோப்புறையில் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் ஒரு வரி போதும், எழும்போது எழுதிவிடும். ஆனால் ஹார்ட் டிஸ்க் சம்பந்தி வீட்டார் போல; எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு, கருவிகள் வந்து சேர்வதைக் கவனிக்கும் யூடெவ்வின் விதி வேண்டும். 'எட்சி/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடியில், எஸ்டி என்று தொடங்கும் வட்டு சேரும்போதெல்லாம் 'க்யூ/ஷெட்யூலர்' என்ற பண்புக்கு பிஎஃப்க்யூ என்று எழுது என ஒரு வரி. டிஸ்க் வரும்போதெல்லாம் விதி ஓடும்.

28 செப்டம்பர்

மாட்யூலுக்கான விருப்பங்கள் பற்றி இரண்டு பேர். ஒருவருக்கு ஸ்பீக்கரில் பாட்டு நின்றதும் 'டக்' என்று ஒரு சத்தம். 'எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்' மாட்யூலின் 'பவர்_சேவ்' மதிப்பை 0 ஆக்கினால் போகிறது, ரீபூட்டில் திரும்புகிறது. 'எட்சி/மாட்ப்ரோப்.டி' அடியில் ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கி மாட்யூல் பெயர், 'பவர்_சேவ்=0'. முடிந்தது.

மற்றவர் ஒரு மாட்யூலை 'பிளாக்லிஸ்ட்' செய்தும் அது ஏறிவிடுகிறது. இதில் இரண்டு சிக்கல். பிளாக்லிஸ்ட் என்பது வன்பொருளைக் கண்டு தானாக ஏறுவதை மட்டும் தடுக்கும். வேறொரு மாட்யூல் அதைத் துணைக்கு அழைத்தால் ஏறத்தான் செய்யும். 'இன்ஸ்டால்' என்று தொடங்கி மாட்யூல் பெயரும் 'பின்/ஃபால்ஸ்' என்றும் எழுதினால் அந்த வழியும் அடைபடும். இரண்டாவது, எழும்போது முதலில் திறக்கப்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டைக்குள் மாட்ப்ரோப்.டி கோப்புகளின் நகல் இருக்கிறது. வட்டில் நீங்கள் மாற்றினாலும் மூட்டைக்குள் பழையதே. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுத்து மூட்டையைப் புதிதாகக் கட்டுங்கள்.

5 அக்டோபர்

பாளையங்கோட்டையிலிருந்து, லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓட்டும் ஒருவர். நம் ஊரில் இப்படி ஒருவர் இருப்பது எனக்கு மகிழ்ச்சி, தனியாகச் சந்திக்க வேண்டும். அவர் பூட் வரியில் '-சி' கொடுத்து யூகேசி என்ற திருத்தியில் ஒரு டிரைவரை 'டிஸேபிள்' செய்கிறார். அது அந்த ஒரு பூட்டுக்குத்தான். சரி, நிரந்தரமாக்குவோம் என்று 'கான்ஃபிக் -இ' கட்டளையால் கெர்னல் கோப்பையே திருத்தி வைத்தார். அதுவும் நிலைக்கவில்லை.

ஓபன்பிஎஸ்டி 6.2, 2017-இல் வந்தபோது கார்ல் என்ற பாதுகாப்பு ஏற்பாடு சேர்ந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் அடுத்த பூட்டுக்கான கெர்னலை, உள்ளுறுப்புகளின் இருப்பிடத்தைக் கலைத்துப் போட்டுப் புதிதாக இணைத்து வைக்கும். தாக்குபவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது என்பது நோக்கம். ஆகவே கெர்னல் கோப்பில் கையால் செய்த திருத்தம் அங்கே அந்நியமாகிவிடுகிறது. அதோடு, கையால் திருத்திய கெர்னலின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பதிவோடு பொருந்தாததால் அந்த மறு இணைப்பே தோல்வி அடைவதும் உண்டு. அப்போது பாதுகாப்பும் போய்விடும்.

இதற்கென்றே 'எட்சி/பிஎஸ்டி.ரீ-கான்ஃபிக்' என்ற கோப்பு இருக்கிறது. யூகேசியில் அடிக்கும் வரிகளையே, 'டிஸேபிள்' என்று தொடங்கி டிரைவர் பெயரோடு, அதில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு மறு இணைப்பின்போதும் அவை சேர்க்கப்படும். எழுதியவுடன் வரும் பூட்டிலேயே பலனை எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பூட்டில் கட்டப்படும் கெர்னல்தானே அதற்கடுத்த பூட்டுக்கு. இரண்டு முறை ரீபூட் செய்துவிட்டு எழுதுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் வழி வேறு. ஓடும்போது மாற்றக்கூடியவை 'எட்சி/சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப்' கோப்பில், எழும்போது மட்டும் அமைக்கக்கூடியவை 'பூட்/லோடர்.கான்ஃப்' கோப்பில். இரண்டாம் வகையை ஓடும்போது மாற்றப் போனால், இது படிக்க மட்டும், லோடர்.கான்ஃபில் எழுது என்று கணினியே சொல்லிவிடும். இந்த மரியாதை லினக்ஸில் கிடையாது.

18 அக்டோபர்

கெர்னலை மூலநிரலிலிருந்து தானே தொகுத்து, மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் இரண்டு விருப்பங்களை மாற்றியிருக்கிறார் முக்கூடல் நண்பர். ரீபூட்டில் நிற்கிறது, ஆனால் அப்டேட் வந்ததும் போய்விடுகிறது. அப்டேட்டைப் பிடித்து நிறுத்தி வைக்கலாமா என்கிறார்.

போய்விடவில்லை. அப்டேட்டில் வந்தது டெபியனின் புதுக் கெர்னல். கிரப் அதைத் தேர்ந்தெடுத்து எழுகிறது. உங்களுடையது 'பூட்' கோப்புறையில் அப்படியே கிடக்கும், 'யூநேம் -ஆர்' கொடுத்தால் எது ஓடுகிறது என்று தெரியும். நிறுத்தி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். இணையத்தைப் பார்த்து நிற்கும் கணினியில் அதை நான் செய்யமாட்டேன். பழைய '.கான்ஃபிக்' கோப்பைப் புது மூலநிரலுக்குள் வைத்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்துத் திரும்பத் தொகுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். அந்த இரண்டு விருப்பங்கள் என்னென்ன என்று முதலில் எழுதுங்கள். மாட்யூலாகவோ கட்டளை வரியிலோ கிடைக்கிற சமாச்சாரம் என்றால் தொகுக்கும் வேலையே வேண்டாம்.